நவம்பரைக் கொடுத்தவள்

வாலிதியா
9 செப்டம்பர் 1998

அன்புள்ள தங்கச்சி நஜாத்துக்கு,

உனக்கும் மாப்பிள்ளை ஸாலிஹுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். இங்கே நானும் உம்மாவும் சுகம்தான். உம்மாவுக்கு வலது கண்ணில் புகை மறைப்பது கொஞ்சம் கூடியிருக்கிறது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்ள மாட்டாள். இப்போதெல்லாம் ஊசிகளைச் சரியாகச் செய்வதில்லை என்கிறாள்.

முதலில் நல்ல செய்தி. பாறைமேல் நின்ற நம் துருப்பிடித்த ரேடியோ கோபுரத்தை இறக்கிவிட்டேன். அதே இடத்தில் புதுக் கோபுரம், இரண்டு மடங்கு உயரம். காஸாபிளாங்காவிலிருந்து ஒரு நண்பர் உதவினார். ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பினால் போதும், அமெரிக்காக்காரன் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் கேட்கிறது. நீ வந்து பார்த்தால் கீழேயே நின்றுகொண்டு கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்ப்பாய்.

அடுத்தது. அமெச்சூர் ரேடியோக்காரர்களின் உலக அணிப் போட்டி அடுத்த ஜூலையில் ஹங்கேரியில் நடக்கப் போகிறது. நம் மொரோக்கோவையும் சேர்த்து ஆப்பிரிக்கா முழுவதற்கும் ஒரே ஓர் அணி. அணி என்றால் இரண்டு பேர். அதிக மதிப்பெண் எடுத்தவர் தலைவர். துணைக்கு யார் என்பதை அவரே சொல்லலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அங்கே போய்விட்டால் எல்லா அணிக்கும் ஒரே உயரக் கம்பம், ஒரே ஆன்டெனா, ஒரே சக்தி. எவன் பணக்காரன் என்பதெல்லாம் செல்லாது. நம் மற்றப் போட்டிகளைப்போல் எத்தனை நாடு, எத்தனை பேரைப் பிடித்து எண் மாற்றிக்கொள்கிறோம் என்பதுதான் கணக்கு; காதும் கையும்தான்.

இதில் ஒரு சிக்கல். தலைவராக வருகிற ஆள் அக்டோபர் குரல் போட்டி, நவம்பர் மோர்ஸ் தந்திப் போட்டி இரண்டிலும் தனியாளாக ஆடி மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும். நம் வீட்டில் இருப்பது ஒரே ரேடியோ நிலையம், இத்தனை வருஷமாக அக்டோபர் எனக்கு, நவம்பர் உனக்கு. இப்படியே போனால் நீயும் பாதி, நானும் பாதி. பட்டியலில் இரண்டு பேரும் இருக்க மாட்டோம்.

அதனால் கேட்கிறேன். இந்த ஒரு முறை நவம்பரை எனக்குக் கொடு. நான் தலைவனானால் துணைக்கு யாருடைய பெயரைச் சொல்வேன் என்பதை நீயே கேட்டுக்கொள்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அண்ணன் மஹ்ஜூப்


ஊஜ்தா
27 செப்டம்பர் 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸலாம். நாங்கள் இருவரும் நலம். உம்மாவின் கண்ணை நினைத்தால்தான் கவலை. அவளை ஸஃபி நகருக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டு. வர மாட்டேன் என்றால் எனக்குக் காய்ச்சல், நான் அங்கே படுத்திருக்கிறேன் என்று பொய் சொல்லி வண்டியில் ஏற்று.

உன் கடிதத்தை ஸாலிஹுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஆலிவ் கொட்டையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

“நவம்பரைக் கொடுன்னு யாராவது கேப்பாங்களா? நான் பிப்ரவரியைக் கேட்டா குடுப்பியா?”

“கிண்டல் பண்ணாதீங்க. அவன் தலைவனா போனா என்னைத்தான் கூட்டிக்கிட்டுப் போவான்.”

“எழுதிக் குடுத்தானா?”

“அண்ணன்கிட்ட யாராவது எழுதி வாங்குவாங்களா?”

“அதுவும் சரிதான். எங்க அண்ணன்கிட்ட நான் எழுதியே வாங்கினேன். அப்பவும் ஆட்டை அவன்தான் ஓட்டிக்கிட்டுப் போனான்.”

அவர் அப்படித்தான், உனக்குத் தெரியுமே.

அந்த ஒரே ஆள் நானாக இருக்கக் கூடாதா என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. மறைப்பானேன்? பிறகு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அக்டோபரில் ரயில்வே சிக்னல் பிரிவில் எனக்கு விடுப்புத் தர மாட்டார்கள். அதோடு, குரல் போட்டியில் உன் தொண்டைக்கு முன்னால் என் தொண்டை எங்கே? ஆகவே நவம்பரை எடுத்துக்கொள். முழு மனசோடு தருகிறேன்.

ஆனால் மோர்ஸில் உன்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. நிறையப் பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் பதறிப்போய் வேகமாக அனுப்புகிறாய். நீ வேகமாக அனுப்பினால் அவர்களுக்குப் புரியாது, இன்னும் கத்துவார்கள். கூட்டம் கூடும்போது வேகத்தைக் குறை. ஒருவரைப் பிடித்தால் அவரை முடிக்கும் வரை விடாதே. ஒருவருடைய அழைப்புக் குறி பாதிதான் கேட்டாலும் கேட்ட பாதியைத் திருப்பி அனுப்பு. உரியவர் மட்டும் பதில் சொல்வார், மற்றவர்கள் அடங்குவார்கள்.

நவம்பரில் நான் வருகிறேன். கூடவே உட்கார்ந்து உதவ முடியாது, தனியாள் என்றால் தனியாள். சமைத்துப் போடுவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

அந்தக் காஸாபிளாங்கா நண்பர் யார்? நம் ஆட்களில் யாரும் இவ்வளவு பெரிய கோபுரம் கொடுப்பவர்களாக எனக்கு நினைவில்லை.

உம்மாவின் கையை என் சார்பில் முத்தமிடு.

உன் தங்கை
நஜாத்


வாலிதியா
4 நவம்பர் 1998

அருமைத் தங்கைக்கு,

உன் சுகமும் மாப்பிள்ளையின் சுகமும் அறிய ஆசை. உம்மா சுகம். எனக்குத் தொண்டை மட்டும் இல்லை. போன வாரப் போட்டியில் அதைக் கடலுக்குள் போட்டுவிட்டேன். உம்மா தைம் மூலிகை இலையைக் கொதிக்கவைத்துத் தேன் ஊற்றித் தருகிறாள்.

நஜாத், நீ அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும்! புதுக் கோபுரம் என்ன செய்கிறது தெரியுமா? நான் ஒரு முறை கூப்பிட்டு நிறுத்தினால் மீன் ஏலத்தில் கத்துவதுபோல் கத்துகிறார்கள். ஜப்பான்காரன் நம்மைத் தேடி வருகிறான். முன்பெல்லாம் நாம் அவனைத் தேடிப் போவோம். இரண்டாம் நாள் மத்தியானம் உம்மா கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

“யாரோ ஒருத்தனுக்கு நம்பர் சொல்றதுக்கு இப்படியா கத்தணும்? போன்ல சொல்லக் கூடாதா?”

“உம்மா, மைக் திறந்திருக்கு!”

“இருக்கட்டும், அவங்க உம்மாமாரும் கேக்கட்டும்!”

பிரேசில்காரன் ஒருவன் சிரித்தது தெளிவாகக் கேட்டது.

கணக்குப் பார்த்தால் ஆப்பிரிக்காவில் எனக்கு மேலே யாரும் இருக்க வழியில்லை. நவம்பரும் இப்படி அமைந்தால் போதும். நீ சொன்னதுபோல் வேகத்தைக் குறைத்துப் பழகுகிறேன். கட்டாயம் வா. உன் கையால் சமைத்த மீன் தாஜீன் குழம்பு இல்லாமல் என்னால் இரண்டு நாள் உட்கார முடியாது.

அண்ணன்
மஹ்ஜூப்


ஊஜ்தா
8 டிசம்பர் 1998

அன்புள்ள அண்ணா,

சுகமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் ஒரு அம்மாள் கூடை நிறையக் கோழிகளோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது என் கம்பளிக் கோட்டில் இறகுகள். ஸாலிஹ் “போட்டியில பறந்தே ஜெயிச்சீங்களா?” என்கிறார். உம்மாவும் நீயும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

கோபுரத்தைப் பார்த்தேன். நீ சொன்னது சரி, கழுத்து வலித்தது.

இப்போது ஒன்றைச் சொல்கிறேன், கோபப்படக் கூடாது. சனிக்கிழமை மத்தியானம் சமையலறையில் சின்ன ரேடியோவைக் காதில் மாட்டிக்கொண்டு மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தேன். திடீரென்று மங்கோலியா! மெல்லிய சத்தம், ஆனால் சுத்தமாக இருந்தது. சுற்றிலும் ஒருவருமில்லை. நீ வேறு அலைவரிசையில் அமெரிக்காக்காரர்களை வரிசையாக முடித்துக்கொண்டிருந்தாய். அப்படி ஒரு புது நாடு உன் மொத்த மதிப்பெண்ணையும் எவ்வளவு தூக்கிவிடும்! கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து கதவில் நின்றேன். நீ திரும்பிப் பார்த்து ஒரு பக்கக் காதிலிருந்து ஹெட்போனை விலக்கினாய்.

“என்ன?”

“டீ வேணுமான்னு கேக்க வந்தேன்.”

“இப்பத்தானே குடிச்சேன்!”

திரும்பிப் போய்விட்டேன். ‘அங்கே இன்னார் இருக்கிறார்’ என்று யாராவது காதில் சொன்னாலே அது தனியாள் ஆட்டம் இல்லை. ஹங்கேரிக்குப் போகிற பெயர் கறையில்லாமல் போகட்டும் என்று நினைத்தேன். ஆனாலும் அந்த மங்கோலியாக்காரன் யாரும் பதில் தராமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது இன்னும் காதுக்குள் கேட்கிறது.

இன்னொன்று. அங்கே என் பழைய அறையில் பெரிய ஆண் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. உம்மாவைக் கேட்டேன்.

“காஸாபிளாங்காவுல இருந்து வர்ற எஞ்சினியரோடது. வந்தா இங்கதான் படுப்பாரு. நல்ல மனுஷன், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுறாரு.”

“அடிக்கடி வர்றாரா உம்மா?”

“உன்னைவிட அடிக்கடி வர்றாரு.”

பஸ் நிறுத்தத்தில் உன்னிடம் கேட்டேனே, “அப்புறம் சொல்றேன்” என்றாய். பஸ் வந்துவிட்டது. இப்போது சொல்.

நோன்பு நெருங்குகிறது. முன்கூட்டியே வாழ்த்துகள்.

உன் தங்கை
நஜாத்


வாலிதியா
28 ஜனவரி 1999

அன்புத் தங்கை நஜாத்துக்கு,

பெருநாள் வாழ்த்துகள். நோன்பு மாதத்தில் எழுத முடியவில்லை, தவறாக எடுத்துக்கொள்ளாதே. உம்மா நோன்பு முழுவதும் பிடித்தாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடமாட்டேன், நோன்பு முறிந்துவிடும் என்று அடம். ஹரீரா சூப்பில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்ட நாள்கூட உண்டு. இருவரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தோம்.

இரண்டு போட்டியிலும் நான்தான் ஆப்பிரிக்காவில் முதலாவதாக நிற்கிறேன். சரிபார்ப்பில் கொஞ்சம் கழித்தாலும் இடம் போகாது என்கிறார்கள். மங்கோலியாவைப் பற்றி நீ செய்தது சரி. ஆனாலும் இரண்டு நாள் உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன்.

எஞ்சினியரின் பெயர் தவ்ஃபீக். கோபுரங்களில் ஆர்வமுள்ளவர். இந்த வாரம் கடல் மிகவும் முரட்டுத்தனமாக இருக்கிறது. சிப்பிப் படகுகள் மூன்று நாளாக வெளியே போகவில்லை.

மாப்பிள்ளைக்கு ஸலாம்.

மஹ்ஜூப்


ஊஜ்தா
21 மார்ச் 1999

அன்புள்ள அண்ணா,

சுகமா? உம்மா சுகமா? பிப்ரவரியில் எழுதியதற்குப் பதில் வரவில்லை. தபால்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் பாவம், பார்த்ததும் எதிர்ப் பக்கம் போய்விடுகிறார்.

என் கடவுச்சீட்டு வந்துவிட்டது! படத்தில் திருட்டுக் குற்றத்தில் பிடிபட்டவள்போல் இருக்கிறேன். ஜூலைக்கு விடுப்புக் கேட்டு எங்கள் பெரிய அதிகாரியிடம் போனேன்.

“ஹங்கேரியா? அங்க நம்ம ரயில் போகாதே!”

“ரேடியோ போட்டி சார். நானும் எங்க அண்ணனும்.”

“ஜெயிச்சா என்ன தருவாங்க?”

“ஒரு மரப்பலகை. பேரு எழுதித் தருவாங்க.”

“ஒரு பலகைக்காகவா இவ்வளவு தூரம்? இங்க தண்டவாளத்துக் கட்டையே நிறைய இருக்கே, எழுதித் தரட்டுமா?” என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தினமும் வேலை முடிந்து மொட்டைமாடிக் கம்பி ஆன்டெனாவில் குரல் ஆட்டமும் பழகுகிறேன். நீ களைத்துப்போனால் நான் பேச வேண்டுமே. மோர்ஸ் என் பொறுப்பு, கவலையை விடு. ஒருவர் பேசும்போது மற்றவர் அடுத்த அலைவரிசையில் புதியவர்களைத் தேடி வைக்க வேண்டும், கேட்டதைக் கையசைத்துச் சொல்லிக்கொள்ள வேண்டும். நாம் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். நீ புருவத்தைத் தூக்கினாலே எனக்குப் புரியும். மற்ற அணிகளுக்கு இது வருமா?

துணையின் பெயரை எப்போது அனுப்ப வேண்டும்? கடவுச்சீட்டு எண் தேவைப்பட்டால் உடனே எழுது.

அடுத்த வாரம் பக்ரீத் பெருநாளுக்கு வர முடியாது. உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை
நஜாத்


ஊஜ்தா
3 மே 1999

மரியாதைக்குரிய அண்ணன் மஹ்ஜூப் அவர்களுக்கு,

ஸலாம். நாங்கள் நலம். உம்மாவின் நலம் அறிய விரும்புகிறேன்.

நேற்று மாலை ரேடியோவில் ஜெனோவாவிலிருந்து புரூனோ கிடைத்தார். பல வருஷமாக நம் இருவரோடும் பேசுகிறவர்தானே, என் குரல் கேட்டதும் சத்தமாகச் சிரித்தார்.

“வாழ்த்துகள் நஜாத்! உங்க வீட்டுக்கு ஒரு இடம் வந்துடுச்சே!”

“நன்றி புரூனோ. பட்டியல் வந்துடுச்சா?”

“போன வாரமே வந்துச்சு. உங்க அண்ணன், அப்புறம் துணைக்குத் தவ்ஃபீக்னு ஒருத்தர். யாரு அவரு, உங்க சொந்தமா?”

“ஆமா. சொந்தம்தான்.”

“நான் நீங்கதான் போவீங்கன்னு பந்தயமே கட்டியிருந்தேன்!”

“எனக்கு வேலை இருக்கு புரூனோ” என்றேன். உலகமே கேட்கிற இடத்தில் வேறு என்ன சொல்வது?

நீங்கள் சொல்லி நான் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. அதை மட்டும் தெரிவிக்கவே எழுதினேன்.

நஜாத்


வாலிதியா
20 மே 1999

அன்புள்ள நஜாத்,

உன் கடிதத்தில் ‘நீங்கள்’ என்று இருந்தது. வேறு யாருக்கோ எழுதியது மாறி வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். என் பெயர்தான் இருந்தது. நம் இருவருக்கும் இடையில் அந்தச் சொல் எப்போது வந்தது?

எழுதலாம் எழுதலாம் என்று நாளைக் கடத்திவிட்டேன். நேரில் சொன்னால் நீ புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். நீ பெருநாளுக்கு வந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

நீயே நிதானமாக யோசித்துப் பார். அந்தக் கோபுரம் இல்லாமல் எனக்கு இந்த இடம் கிடைத்திருக்குமா? கோபுரம் தவ்ஃபீக்குடையது. ஆன்டெனா, ஆம்ப்ளிஃபயர், ஏற்றிக் கட்ட வந்த ஆட்கள், எல்லாம் அவர் கொண்டுவந்ததுதான். அவருக்கு ஒரே ஆசை, அந்தப் போட்டியில் ஒரு முறை உட்கார வேண்டும் என்று. போன ஆகஸ்டில் கோபுரம் நிமிர்ந்து நின்ற அன்றே அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த வாக்கை மீறினால் நான் என்ன மனிதன்?

உனக்கு நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. என் கடிதங்களை நீ வைத்திருப்பாய், எடுத்துப் பார்.

உம்மாவிடம் சொன்னேன். 

“நஜாத்கிட்ட சொன்னியா?”

“அவ புரிஞ்சுக்குவா உம்மா.”

“புரிஞ்சுக்குவா. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

அடுத்த முறை நிச்சயம் நீதான். கோபத்தை விட்டுவிட்டு எழுது.

என்றும் உன் அண்ணன்
மஹ்ஜூப்


ஊஜ்தா
30 மே 1999

அண்ணன் அவர்களுக்கு,

ஸலாம். உம்மாவும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

ஆகஸ்டில் அவருக்கு வாக்குக் கொடுத்தீர்கள். செப்டம்பரில் என்னிடம் நவம்பரைக் கேட்டீர்கள்.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. உங்கள் கடிதம் வரும் வரை வேறு மாதிரி நினைத்திருந்தேன். நடுவில் பெரிய மனிதர் ஒருவர் வந்தார், கோபுரத்தைக் காட்டி உங்களை வளைத்துவிட்டார், உங்களுக்கு மறுக்க வாய் வரவில்லை என்று. ஸாலிஹ் உங்களைத் திட்டியபோது அப்படிச் சொல்லித்தான் உங்களுக்காகச் சண்டை போட்டேன். “அண்ணன் மனசு மாறிட்டான், அவ்வளவுதான். மனசு எல்லாருக்கும் மாறும்” என்றேன். மாறவே இல்லை. என்னிடம் கேட்கும்போதே உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் சொன்னபடி கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி. என் பெயரை நீங்கள் எழுதவில்லை. ‘துணைக்கு யாருடைய பெயரைச் சொல்வேன் என்பதை நீயே கேட்டுக்கொள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டுக்கொண்டேன். பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு வாக்கியத்தை எழுதுவதற்கு முன் பேனாவை எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. வேறொன்றும் கேட்கவில்லை, அதை மட்டும் சொல்லுங்கள்.

‘தவ்ஃபீக்குக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், ஆனாலும் எனக்கு நவம்பர் வேண்டும்’ என்று நேராகக் கேட்டிருக்கலாம். கொடுத்திருப்பேனா? தெரியவில்லை. ஒரு நாள் அழுதுவிட்டுக் கொடுத்திருக்கவும் கூடும். அந்தப் பெருந்தன்மையைக் காட்ட எனக்கு ஒரு வழி வைத்திருக்கலாம். அதையும் எடுத்துக்கொண்டீர்கள்.

மசாலாக் கையோடு உங்கள் கதவில் நின்று ஒரு நாட்டையே விழுங்கிவிட்டுத் திரும்பிப் போனேன், உங்கள் பெயருக்குக் கறை வரக் கூடாது என்று. அப்போது என் அறையில் அவருடைய செருப்பு இருந்தது. நீங்கள் என் முகத்தைப் பார்த்து “இப்பத்தானே குடிச்சேன்” என்றீர்கள்.

அலுவலகத்தில் விடுப்பை ரத்து செய்யச் சொன்னேன். “என்ன, ஹங்கேரி வேண்டாமா?” என்று அதிகாரி கேட்டார். வீட்டில் உடம்பு சரியில்லை என்றேன். புரூனோவிடம் சொன்னதற்குப் பிறகு உங்களுக்காக நான் சொன்ன இன்னொரு பொய் அது.

நஜாத்


வாலிதியா
26 ஜூலை 1999

நஜாத்துக்கு,

அல்லாஹ்வின் கருணை உன் வீட்டில் நிறையட்டும். மாப்பிள்ளைக்கு ஸலாம்.

நீ கேட்ட கேள்விக்கு இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். மூன்றாம் முறையும் வரவில்லை. விட்டுவிடு.

போய் வந்தோம். முடிவு நீயும் பார்த்திருப்பாய், பட்டியலின் கீழ்ப் பாதியில்தான் தேட வேண்டும். தவ்ஃபீக் நல்ல மனிதர், குரலில் சமாளித்தார். மோர்ஸில் கூட்டம் கூடியதும் காதிலிருந்ததைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். “எனக்கு ஒரே இரைச்சலாத்தான் கேக்குது, நீங்களே பாருங்க.” பாதி ஆட்டம் தனியாகத்தான் ஆடினேன். அங்கே கோபுரம் எல்லாருக்கும் ஒன்றுதான். அதை முதன்முதலில் உனக்கு எழுதியவன் நான்.

உனக்குத் தெரியும், அங்கே அணிகள் பெயர் சொல்லக் கூடாது. காலையில் உறையைக் குலுக்கி ஒரு புதுக் குறி தருவார்கள். உலகத்தில் யாருக்கும் யார் எந்த அணி என்று தெரியாது. பக்கத்திலேயே நடுவர் ஒருவர் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், தெரிந்தவருக்கு ஜாடை காட்டினாலும் ஆட்டம் போச்சு.

சனிக்கிழமை மாலையில் நீ கூப்பிட்டாய். உன் குறி கேட்டதும் என் கை நின்றுவிட்டது. எண்ணைக் கொடுத்தேன், வாங்கினேன். அதற்குப் பிறகு ஒரு எழுத்தாவது அனுப்பலாமா என்று மனம் துடித்தது. நடுவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தவ்ஃபீக் முழங்கையால் இடித்தார். “என்னங்க, தூங்கிட்டீங்களா? ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க!” அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அது நான்தான் என்று உனக்குத் தெரிந்ததா? தெரிந்துதான் பதில் கொடுத்தாயா? இதை மட்டும் சொல்லிவிடு. அந்தப் போட்டியில் எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

உம்மாவின் வலது கண்ணை அறுவை செய்தே ஆக வேண்டும் என்று ஸஃபி டாக்டர் சொல்லிவிட்டார். “நஜாத் வீட்டுல இருந்தாத்தான் கண்ணைத் தொட விடுவேன்” என்கிறாள். ஊஜ்தா ஆஸ்பத்திரியில் விசாரித்து எழுது. நான் கூட்டிவருகிறேன், அல்லது நீ வேண்டாம் என்றால் வேறு யாரிடமாவது அனுப்புகிறேன்.

மஹ்ஜூப்


ஊஜ்தா
12 ஆகஸ்ட் 1999

அண்ணன் அவர்களுக்கு,

ஸலாம். நலம். ஆஸ்பத்திரியில் பேசிவிட்டேன். செப்டம்பர் முதல் வாரம் உம்மாவைச் சேர்க்கச் சொல்கிறார்கள். பழைய சொட்டு மருந்துப் புட்டியையும் டாக்டரின் சீட்டையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். உம்மா மறைத்து வைப்பாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். தெரிந்தது.

மோர்ஸைக் கம்ப்யூட்டர் அனுப்பும்போது எல்லார் கையும் ஒரே மாதிரிதான் கேட்கும். ஆனால் ரஷ்யாக்காரர் ஒருவர் உங்கள் எண்ணைத் தப்பாக வாங்கினார். இரண்டு முறை கம்ப்யூட்டரால் திருத்தினீர்கள். மூன்றாம் முறை பொறுமை போய்க் கையால் அனுப்பினீர்கள், பதறிக்கொண்டு, வேகமாக. அதற்கு மேல் எனக்கு என்ன அடையாளம் வேண்டும்?

உடனே டயலைத் திருப்பிவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன். நம் நாட்டிலிருந்து அன்றைக்கு வேறு யாரும் இல்லை, நான் பதில் தராவிட்டால் உங்களுக்கு அந்த அலைவரிசையில் மொரோக்கோ கிடைக்காது. அது தெரிந்துதான் திருப்பினேன். தள்ளிப் போய்க் கிடைத்த அணிகளுக்கெல்லாம் எண்ணைக் கொடுத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொருவரும் நன்றி சொன்னார்கள். யாரென்று தெரியாத இத்தனை பேருக்குக் கொடுத்துவிட்டு, யாரென்று தெரிந்ததால் ஒருவருக்கு மட்டும் மறுத்தால், அதுவும் ஒரு ஏமாற்றுதானே என்று தோன்றியது. ஜாடை காட்டுவதும் முகம் திருப்புவதும் அந்த ஆட்டத்தில் ஒரே குற்றம்தான். திரும்பி வந்தேன். கூப்பிட்டேன்.

மற்றவர்களுக்குக் கொடுத்ததைத்தான் உங்களுக்கும் கொடுத்தேன். அதை அதற்கு மேலே ஒன்றாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் எண்ணை வாங்கிய பிறகு ஒரு வெறுமை இருந்தது. அதையும் கேட்டேன். இவ்வளவு நாள் அண்ணனாக இருந்தவர் அதற்குள் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று என் கையும் காத்திருந்தது. நடுவர் இருந்தார் என்கிறீர்கள். போன செப்டம்பரில் எனக்கு எழுதும்போது நடுவர் யாரும் இல்லையே.

இந்த நவம்பரில் நான் பாறைக்கு வரமாட்டேன். இங்கிருந்தே ஆடுகிறேன், ஒரு கம்பி, சின்ன ரேடியோ. சுற்றிலும் ரயில்வே மின்சாரத்தின் இரைச்சல். பட்டியலில் உங்கள் பக்கத்தில்கூட வரமாட்டேன். பரவாயில்லை. என் நவம்பர் என்னிடம் இருக்கும்.

உம்மாவை நீங்களே கூட்டிவாருங்கள், வேறு யாரிடமும் அனுப்ப வேண்டாம். இறக்கிவிட்டு உடனே திரும்பவும் வேண்டாம், ஒரு நாள் தங்குங்கள். ஸாலிஹ் ஏதாவது குத்தலாகச் சொல்வார், பொறுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் குறை வைக்க மாட்டார். உம்மாவின் கண்ணைப் பற்றிப் பேசலாம். இந்த வருஷம் மழை வராததைப் பற்றிப் பேசலாம். சிப்பிப் படகுகளைப் பற்றிச் சொல்லுங்கள், கேட்கிறேன். ரேடியோவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

அது இல்லாமல் நீங்களும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதே கிடையாது. என்ன பேசுவோம் என்று எனக்கும் தெரியவில்லை. ரயில் காலையில் வந்து சேரும். நான் நிலையத்தில் நிற்பேன்.

இப்படிக்கு
நஜாத்